பழைய கிராபிக்ஸ் கார்டும் ஒற்றை எண் தீர்ப்பும்

வூடூ3, டிஎன்டி2 என்ற இரண்டு பழைய கிராபிக்ஸ் கார்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ‘இது நொடிக்கு இத்தனை ஃப்ரேம், அது அத்தனை ஃப்ரேம், ஆகவே இதுதான் ஜெயித்தது’ என்று முடிக்கிற ஒப்பீடுகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எண்ணில் தப்பில்லை. ஆனால் இரண்டும் வரைந்தது ஒரே படம்தானா?

1999-இல் வந்த வூடூ3, 3டி விளையாட்டுகளை 16 பிட் நிறத்தில் மட்டுமே வரையும். டிஎன்டி2 32 பிட்டிலும், அதாவது இன்னும் நுண்ணிய நிறங்களிலும், வரையும். ஆனால் அப்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் மெமரியில் இரண்டு மடங்கு எழுத வேண்டும், வேகம் இறங்கிவிடும். இரண்டையும் 16 பிட்டில் வைத்துச் சோதித்தால் டிஎன்டி2-வின் பலமே கணக்கில் வராது. 32 பிட்டில் வைத்தால் வூடூ3 களத்துக்கே வர முடியாது. இதில் இன்னொரு கூத்து: படம் மானிட்டருக்குப் போகிற கடைசிக் கட்டத்தில்தான் வூடூ3 ஒரு ஃபில்டரைப் போட்டு நிறத்தில் தெரியும் புள்ளிகளை மழுப்பும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்படுவதோ அதற்கு முந்தைய கட்டத்திலிருந்து. நேரில் பார்ப்பதைவிட மோசமான படத்தை வைத்துப் பாவம் அந்த கார்டை எடைபோட்டார்கள்.

அப்புறம் பிராசசர். இப்போது சோதிக்கிறவர்கள் பலரும் மதர்போர்டு ஏற்கிற அதிவேக பிராசசரைப் போட்டுவிடுகிறார்கள். கார்டின் உச்சம் தெரிய வேண்டுமென்றால் சரி. ஆனால் 1998-இல் வந்த வூடூ2 கார்டு இரண்டை, வேலையைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எல்ஐ முறையில் இணைத்து, அந்தக் காலத்துச் சாதாரண பென்டியத்தில் 640x480 பிக்சல் திரை அளவில் ஓட்டினால், இரண்டாவது கார்டு கிட்டத்தட்ட சும்மாதான் இருக்கும். பிராசசர் வேலை கொடுத்தால்தானே அது வரையும்! 1024x768-க்குப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும். ஒற்றை வூடூ2-வால் அந்த அளவில் 3டி வரையவே முடியாது. ஜிஃபோர்ஸ் 256 கார்டின் கதை இதற்கு நேர் எதிர். பிராசசர் செய்துவந்த டிரான்ஸ்ஃபார்ம், லைட்டிங் கணக்கை (உருவங்கள் திரையில் எங்கே வரும், அவற்றின் மேல் ஒளி எப்படி விழும் என்பதை) அது தானே எடுத்துக்கொண்டது. விளையாட்டும் அதைப் பயன்படுத்தினால் மெதுவான பிராசசருக்குப் பெரிய ஒத்தாசை. வேகமான பிராசசரில் சோதித்தால் அந்த ஒத்தாசை கண்ணிலேயே படாது.

பெயரை நம்புவதும் ஆபத்து. 2002-இல் வந்த ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸில் பிக்சல் ஷேடர் (ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் சிறு நிரலால் தீர்மானிக்கும் வசதி) கிடையாது. அதற்கு முந்தைய ஜிஃபோர்ஸ்3-இல் உண்டு. அதே ஆண்டு வந்த மோரோவிண்ட் விளையாட்டில் தண்ணீரைப் பாருங்கள். ஜிஃபோர்ஸ்3-இல் அலையும் பிரதிபலிப்புமாக மின்னும், எம்எக்ஸில் சாதாரணத் தண்ணீர்தான். இந்த இரண்டின் ஃப்ரேம் எண்ணை ஒரே வரைபடத்தில் போட்டு என்ன கண்டுபிடிக்கப் போகிறோம்?

டிரைவரின், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளின், பதிப்பைச் சொல்லாத ஒப்பீட்டை நான் படிப்பதேயில்லை. அதற்குக் காரணம் 2001-இல் ரேடியான் 8500 கார்டுக்கு நடந்தது. குவேக்3 விளையாட்டின் ஃபைல் பெயரை க்வாக்3 என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். ஃப்ரேம் எண் குறைந்தது, படம் தெளிவானது. விளையாட்டின் பெயரைப் பார்த்ததும் டிரைவர் டெக்ஸ்சரின் (பரப்புகள் மேல் ஒட்டும் படத்தின்) தரத்தைக் குறைத்து வேகம் காட்டியிருக்கிறது.