மீட்டர் 230 காட்டுகிறது, கான்டாக்டர் இழுக்கவில்லை

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸ் வேலைக்குக் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து நம் பையன்கள் நிறையப் பேர் வருகிறார்கள். டிப்ளமோவில் நல்ல மதிப்பெண். ஓம் விதியை (வோல்டேஜ் = கரன்ட் × தடை) தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் மெஷின் நின்றுவிட்டால் பேனலைத் திறந்துவிட்டு, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். உடனே ஒரு சீனியர், "தியரி எல்லாம் இங்க வேலைக்கு ஆகாதுடா தம்பி" என்று ஆரம்பித்துவிடுவார். இதை என்னால் ஏற்கவே முடியாது.

எங்கள் ஷாப்பில் பார்த்த ஒரு பழுதைச் சொல்கிறேன். கான்டாக்டர், அதாவது காயிலில் கரன்ட் போனால் காந்தம்போல் இழுத்து மோட்டாருக்கு லைன் கொடுக்கும் பெரிய சுவிட்ச், இழுக்கவில்லை. பையன் காயில் ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்தான், 230 வோல்ட். சப்ளை சரி, காயில்தான் போய்விட்டது என்று புதுசு மாட்டினான். அதுவும் இழுக்கவில்லை. சீனியர் அண்ணன் வந்து அதே ஒயர்களில் டெஸ்ட் லேம்ப் வைத்தார், எரியவில்லை. பின்னாலேயே தேடிப் போனால், ஒரு ரிலேயின் (காயிலால் இயங்கும் சின்ன சுவிட்ச்) கான்டாக்ட் முனை கருகிக் கிடந்தது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் அளவில் இருக்கும், கரன்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். அதனால் கருகிய கான்டாக்டில் வோல்டேஜ் விழவில்லை. லேம்ப், காயில் மாதிரி கரன்ட் இழுக்கும் லோடு கொடுத்ததும் மொத்தமும் அங்கேயே விழுந்துவிட்டது. இதுதானே ஓம் விதி! பையனுக்கு விதி தெரியும், அது இந்த ரிலேயில் குடியிருப்பதை யாரும் காட்டவில்லை. அண்ணனுக்கு லேம்ப் வித்தை தெரியும், காரணம் தெரியாது. எஸ்எஸ்ஆர் (கான்டாக்ட் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே) ஆஃப் ஆகியிருக்கும்போதும் கசிவு கரன்டால் மீட்டர் வோல்டேஜ் காட்டும், லேம்ப் எரியாது. அங்கே பழுதே இல்லை. காரணம் தெரியாதவர் அந்த இடத்தில் நல்ல எஸ்எஸ்ஆரைக் கழற்றிப் போடுவார்.

வெறும் கோட்பாட்டைச் சொல்லிக்கொடுத்தால் பழுது பார்க்க வராது என்று 1985-லேயே மாரிஸ், ரவுஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து எழுதிவிட்டார்கள். சரி, தியரியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? நெதர்லாந்தில் செய்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு வழி காட்டியது. கருவியை அதன் வேலைகளாகப் பிரித்துப் பார்க்கவும், முறையாகத் தேடவும் சேர்த்துப் பழக்கினார்கள். பழைய முறையில் படித்தவர்களைவிட இரண்டு மடங்கு பழுதுகளை, அதுவும் குறைந்த நேரத்தில், சரிசெய்தார்கள். பயிற்சிக் காலமும் குறைந்தது.

முறையாகத் தேடுவது என்றால்? கன்ட்ரோல் லைனில் 16 கான்டாக்ட் வரிசையாக இருக்கிறது, அதில் ஒன்று திறந்திருக்கிறது. நடுவில் அளந்தால் பாதி கழியும். நாலே அளவையில் ஆள் சிக்கும்.

நம் செய்முறைத் தேர்வில் படத்தைப் பார்த்து ஒயரிங் செய்து மோட்டார் ஓடினால் மதிப்பெண். ஓடாத மோட்டாரைக் கொடுத்து, "எங்கே அளப்பாய், ஏன் அங்கே?" என்று பெரும்பாலும் கேட்பதில்லை. பீன்யாவிலும் ஓசூரிலும் கம்பெனி நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பழைய பேனல்களை எடைக்குப் போடாதீர்கள், பக்கத்து ஐடிஐக்கோ பாலிடெக்னிக்குக்கோ கொடுங்கள்.