ரூம் தூங்குவதற்குத்தானே என்று கேட்ட அத்தானுக்கும், கீழே கைதட்டியவர்களுக்கும்

மதுரைப் பயணத்துக்கு நான் ரூம் பார்த்ததைக் கேலி செய்து குடும்பக் குரூப்பில் வந்த பதிலை நேற்று ஸ்கிரீன்ஷாட்டாகப் போட்டிருந்தேன். பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்கள் இன்பாக்ஸில் கேட்காதீர்கள், எடுத்துவிட்டேன். குடும்பத்துக்குள் சண்டை வேண்டாம் என்று எங்க வீட்டுக்காரர் சொன்னார். படத்தைத்தான் எடுத்தேன், கோபம் அப்படியே இருக்கிறது.

காலாண்டு லீவுக்கு மதுரை போகலாம் என்று எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். ரூம் பார்க்கும் வேலை வழக்கம்போல என் தலையில். மேலமாசி வீதிப் பக்கம், கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், இரண்டு படுக்கையறையும் சின்ன அடுக்களையும் உள்ள ஒரு வீடு கிடைத்தது. வாடகை கூடுதல்தான், மறைக்கவில்லை. அதற்குக் குடும்பக் குரூப்பில் அத்தான் போட்ட பதில்: "ரூம் தூங்கத்தானே? கோயில் பாக்கப் போறீங்களா, கட்டில் பாக்கப் போறீங்களா?" கூடவே கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். கைதட்டியவர்களில் ஒருவர்கூட ஒரு லாட்ஜுக்குப் போன் போட்டு "வெந்நீர் எத்தனை மணி வரைக்கும் வரும்?" என்று கேட்டவர் இல்லை.

ரூம் தூங்குவதற்கு மட்டும் இல்லை. தனியாகவோ கூட்டாளிகளோடோ போகிற ஆளுக்கு, சரி, தூங்குவதற்குத்தான். நான்கு வயதுப் பையனையும் ஒன்பது வயதுப் பெண்ணையும் முட்டுவலி உள்ள மாமியையும் கூட்டிக்கொண்டு பழைய ஊர் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ரூம்தான் பயணத்தில் பாதி.

ஏன் என்று கேட்பவர்கள் மீனாட்சி கோயில் நடை எப்போது சாத்துகிறார்கள் என்று பாருங்கள். பகல் பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மறுபடி திறப்பது நாலு மணிக்கு. இடையில் மூன்றரை மணி நேரம். எங்கள் ஊர் தக்கலையில் இருந்து 250 கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் வந்த பிள்ளைகள், செருப்பில்லாமல் கல்தரையில் நடந்த பிள்ளைகள், அந்த மூன்றரை மணி நேரம் எங்கே இருப்பார்கள்? இதற்குப் பதில் வைத்திருக்கிறவர் மட்டும் என்னிடம் ரூம் வாடகையைப் பற்றிப் பேசலாம்.

"திருமலை நாயக்கர் மஹால் மதியமும் திறந்திருக்குமே" என்று ஒருவர் வருவார். திறந்திருக்கும். 1636-இல் கட்டியது, அந்தத் தூண்களை அண்ணாந்து பார்த்தால் எனக்கே வாய் பிளக்கும். ஆனால் மதியம் இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நான்கு வயதுக்காரனுக்கு அது தூண் இல்லை, சாய்ந்துகொள்ள ஒரு சுவர். என் மகன் அங்கே சாய்ந்து தூங்கித்தான் இருக்கிறான்.

அதையும் சொல்லிவிடுகிறேன். போன தடவை மதுரைக்கு ரூம் போட்டது அத்தான்தான். மாட்டுத்தாவணிப் பக்கம், வாடகை மலிவு, கார் நிறுத்த இடம் தாராளம். எல்லாம் உண்மை. கோயில் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர், அதுவும் உண்மை. காலையில் எல்லோரும் குளித்துக் கிளம்பிக் கோயிலுக்குள் நுழையவே பதினொன்றாகிவிட்டது. பொற்றாமரைக் குளத்துப் படியில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், இரண்டு போட்டோகூட இல்லை, அப்புறம் வரிசை, அப்புறம் நடை சாத்திவிட்டார்கள். வெளியே வந்து சாப்பிட்டோம். ரூமுக்குப் போய்த் திரும்பினால் ஆட்டோவுக்கே காசு கரைந்துவிடும், "இங்கேயே சுத்தலாம்" என்றார் அத்தான். சுத்தினோம். வெயிலில் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார், நல்ல மனசுதான். குடித்தது முழுவதையும் கொஞ்ச நேரத்தில் பையன் என் தோளில் கக்கிவிட்டான். சேலைத் தலைப்பைத் தெருக்குழாயில் கசக்கிப் பிழிந்து அப்படியே மறுபடி போட்டுக்கொண்டு நான் நாலு மணி வரை நின்றேன். அத்தான் கடையோரம் நாற்காலியில் இருந்து நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த ரூம் தூங்குவதற்குத்தான். எனக்கு அந்த நேரத்தில் அது ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு மாற்றுத்துணி, பிள்ளையைக் கிடத்த ஒரு பாய்.

ராத்திரி கதை இன்னும் மேல். "ஃபேமிலி ரூம்" என்று சொன்னதைத் திறந்து பார்த்தால் ஒரு டபுள் கட்டில், தரையில் ஒரு மெத்தை. கழிப்பறை பழைய மாதிரி, குத்தவைத்து உட்கார வேண்டும். மாமி விடியற்காலையில் என்னை எழுப்பி, மற்றவர்களுக்குக் கேட்காமல், "என்னைக் கொஞ்சம் பிடிச்சிக்கோ மோளே" என்றார். அவர் அத்தானைப் பெற்ற அம்மா. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நேற்றைய கைதட்டலுக்கு அப்புறம்தான் சொல்கிறேன்.

கோயிலுக்குள் செல்போன் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். 2018 தீ விபத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆயிரங்கால் மண்டபத்தில் நிற்கும்போது பையன் "அம்மா, மூத்திரம்" என்றால் என்ன செய்வீர்கள்? நான் வெளியே கூட்டிக்கொண்டு போனால், உள்ளே இருக்கிறவர்கள் என்னை எங்கே தேடுவார்கள்? ரூம் நடக்கிற தூரத்தில் இருந்தால், "ரூமில் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு யாரும் எப்போதும் கிளம்பலாம். ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒருவருக்கு முடியவில்லை என்றால் பத்துப் பேரும் வெளியே வர வேண்டும், இல்லையென்றால் அந்த ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். யார் தாங்கிக்கொள்வார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, என் மகளுக்குப் பள்ளியறை பூசை பார்க்க ஆசை. ராத்திரி சுவாமியைப் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள், மேளமும் தீவட்டியுமாக. அது ஒன்பது மணிக்கு மேல் ஆகும். மதியம் படுத்து எழுந்த பிள்ளை அதைக் கண் விரித்துப் பார்க்கும். பகல் முழுக்க வெயிலில் அலைந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். இத்தனைக்கும் இது டிக்கெட் இல்லாத காட்சி, அத்தான், சிக்கனம் பார்க்கிறவர்களுக்கு உகந்தது.

"நாங்க எல்லாம் அந்தக் காலத்துல சத்திரத்துல படுத்தோம்" என்று சித்தப்பா எழுதியிருந்தார். படுத்திருப்பீர்கள் சித்தப்பா. மங்கம்மாள் சத்திரம் எங்கே இருக்கிறது? மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே. அங்கிருந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். சத்திரம் கட்டினவர்களுக்கு யாத்ரீகன் எங்கே தங்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. நான் கேட்டதும் அந்த இடம்தானே? சொகுசு மெத்தையா கேட்டேன்?

பணத் திமிர் என்று ஒரு குரல். யாரிடமும் கடன் கேட்கவில்லை, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வீட்டு மாதிரித் தங்குமிடத்தில் ரிசப்ஷன் கிடையாது, ராத்திரி ஏதாவது ஒன்று என்றால் யாரைக் கூப்பிடுவது என்று தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. யோசிக்கிறேன். மதுரையிலேயே கோச்சடையில் சொந்தக்காரர் வீடு இருக்கிறதே என்றும் கேட்டார்கள். இருக்கிறது. நாம் போனால் அந்த வீட்டு அக்கா அடுக்களையை விட்டு வெளியே வர மாட்டார். என் லீவுக்காக அவருடைய லீவை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

ரூமைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டு அவதிப்படுகிறவர்களை எங்கள் தக்கலையிலேயே பார்க்கிறேனே. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நம்ம ஊரில் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை, திங்கள் என்றால் திங்கள்தான். ஒவ்வொரு லீவு சீசனிலும் திங்கட்கிழமை வேன் வேனாக வந்து பூட்டிய வாசலில் நிற்கிறார்கள். கேட்டால் கன்னியாகுமரியில் தங்கியிருக்கிறோம் என்பார்கள், 35 கிலோமீட்டர். சூரிய உதயம் தெரியும் ரூமுக்குக் கூடுதல் காசு கொடுத்திருப்பார்கள், பிள்ளைகள் எழுந்தே இருக்காது. பக்கத்தில் நாகர்கோவிலிலோ தக்கலையிலோ ஒரு ராத்திரி தங்கியிருந்தால் மறுநாள் காலையில் நிதானமாக அரண்மனை பார்த்திருக்கலாம். பெரும்பாலும் அந்த வேன்களில் முன்சீட்டில் இருக்கும் அண்ணாச்சிதான் சத்தம் போடுவார். பின்னால் ஒரு பெண் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் பிள்ளை கையில் கொடுத்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை அப்படி ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டு மட்டிப்பழக்குலையில் பாதியைக் கொடுத்தேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். பழத்துக்கா அழுதாள்?

பயணம் என்றால் ஆண்களுக்கு இடம் மாறுகிறது, எங்களுக்கு அடுக்களை மாறுகிறது. அந்த அடுக்களை கொஞ்சம் நன்றாக இருக்கட்டும் என்று கேட்டதற்கா இத்தனை சிரிப்பு? வருஷம் முழுக்க உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்து தேங்காய் துருவும்போது "அவளுக்கு எல்லாம் தெரியும், அவகிட்ட விட்ரு" என்கிறீர்கள். ரூம் விஷயத்தில் மட்டும் எனக்கு எப்படி ஒன்றும் தெரியாமல் போய்விடுகிறது?

சரி. அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது. நவராத்திரி நேரம், கொலு பார்க்கக் கூட்டம் வரும், தாமதித்தால் அதுவும் கிடைக்காது. கீழ்த்தளம், வெஸ்டர்ன் டாய்லெட், மாமிக்குத் தனிக் கட்டில். வாசல் வரை கார் வராது, அதையும் கேட்டுக்கொண்டேன், கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அத்தான் குடும்பத்துக்கும் உள்ளே இடம் இருக்கிறது, வருவதானால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லட்டும். மாட்டுத்தாவணியிலேயே தங்கிக்கொள்வதானாலும் சந்தோஷம். மதியம் ஒரு மணிக்கு வந்து கதவைத் தட்டினால் மைனியையும் பிள்ளைகளையும் மட்டும் உள்ளே விடுவேன்.