ஆறு மணிக்குக் கிளம்பிடலாம்

நேத்து ராத்திரி தூக்கம் வராம, போன்ல 2025 போட்டோ எல்லாத்தையும் தள்ளித் தள்ளிப் பாத்துட்டிருந்தேன். ஒரு வருஷத்துல பத்து இடமாவது சுத்தியிருக்கோம். எல்லாம் கடலூர்லேருந்து காலையில போனா ராத்திரிக்கு வீடு திரும்பிடுற தூரம்தான். பாத்துட்டே வந்தப்பதான் ஒண்ணு உறைச்சுது. கடைசிப் படத்தைத் தவிர ஒரு படத்துலகூட யாருக்கும் நிழல் நீளமா விழல. எல்லார் நிழலும் அவங்கவங்க காலடியிலேயே சுருண்டு கிடக்கு. எல்லாரும் கண்ணை இடுக்கிக்கிட்டு, நெத்திக்குக் கையைக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம். எந்த ஊருக்குப் போனாலும் உச்சி வெயில்லதானே போய் இறங்குறோம்!

"ஆறு மணிக்குக் கிளம்பிடலாம்." எங்க வீட்ல இதைவிடப் பெரிய பொய் கிடையாது.

வயித்தெரிச்சலைக் கேளுங்க. நான் எழுந்திருக்கிறது மூணே முக்கால். புளியோதரை கிளறி, தயிர் சாதம் பிசைஞ்சு, உருளைக்கிழங்கு வறுத்து, பிளாஸ்க்ல காபி ஊத்தி, அத்தையோட மாத்திரை டப்பா, பாப்பாவுக்கு மாத்துத் துணி, தண்ணி கேன், கீழ விரிக்கப் பழைய பெட்ஷீட்... அஞ்சே முக்காலுக்கு நான், அத்தை, பாப்பா மூணு பேரும் தலை வாரிப் பூ வச்சு ரெடி. ஆறு மணிக்கு எங்க வீட்டுக்காரர் லுங்கியோட திண்ணையில உக்காந்து போன் நோண்டிட்டிருப்பார். ஆறரைக்கு ஞாபகம் வரும். "டயர்ல காத்து பாத்துட்டு வந்துடறேன்." காத்து பாக்கப் போன மனுஷன் டீ குடிப்பார். டீக்கடையில கூடப் படிச்சவர் யாராவது மாட்டுவார். அவ்வளவு நேரம் வெளிய சுத்தியும் பெட்ரோல் மட்டும் போட்டிருக்க மாட்டார். அது நாங்க எல்லாரும் ஏறி உக்காந்தப்புறம், பங்க்ல வரிசையில நின்னுதான் போடணும். இந்தக் காத்தும் பெட்ரோலும் முந்தின நாள் சாயந்திரம் எங்க போச்சு?

அடுத்தது கொழுந்தனார். பண்ருட்டியிலேருந்து குடும்பத்தோட வந்து சேரணும். ஏழு மணிக்கு போன் போட்டா, "மேல்பட்டாம்பாக்கம் தாண்டிட்டேன் அண்ணி!" பின்னாடி குக்கர் விசில் அடிக்குது. மேல்பட்டாம்பாக்கம் நடுரோட்டுல யாரு குக்கர் வச்சா?

ஒருவழியா எட்டரைக்கு வண்டி நகரும். அப்ப அண்ணனும் தம்பியும் சிரிச்சுக்கிட்டே சொல்ற டயலாக் இருக்கு பாருங்க, "பொம்பளைங்க புடவை கட்டி முடிக்கிறதுக்குள்ள மத்தியானமே வந்துடும்." நான் புடவை கட்ட ஆறு நிமிஷம் ஆகும். ஒரே ஒரு தடவை, ஆல்பேட்டை போனப்புறம் கேஸை மூடினேனான்னு சந்தேகம் வந்து வண்டியைத் திருப்பச் சொன்னேன். பத்து நிமிஷம் போச்சு. (மூடித்தான் இருந்துச்சு, ஒத்துக்கறேன்.) அந்தப் பத்து நிமிஷம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில பேசப்படுது. காத்தடிக்கப் போனவரோட ஒண்ணேகால் மணி நேரத்தை ஒருத்தர் வாயும் பேசல.

தை அஞ்சாம் தேதி ஆத்துத் திருவிழா. எந்தெந்த ஊர்லேருந்தோ சாமி அலங்காரம் பண்ணி, மேளம் வச்சு, நேரத்துக்குப் பெண்ணையாத்துக்கு வந்து சேருது. பக்கத்துல குடியிருக்கிற எங்களால முடியல. போனப்ப தீர்த்தவாரி முடிஞ்சிருந்தது. சுருளிக்கிழங்கு வாங்கிட்டு வந்தோம்.

மே மாசம் பிச்சாவரமும் சிதம்பரமும் ஒரே நாள்ல. காலையில நடராஜரைப் பாத்துட்டு அப்புறம் படகுன்னு திட்டம். சிதம்பரத்துல பகல் பன்னெண்டுக்கு நடை சாத்திடுவாங்கன்னு தெரியாத ஆளா இவங்க? நாங்க செருப்பை விட்டுட்டு ஓடினது பன்னெண்டு அஞ்சுக்கு. அத்தை ஒண்ணும் பேசல, மூடின கதவைப் பாத்து ஒரு கும்பிடு போட்டாங்க. அதுதான் எனக்கு அதிகமா வலிச்சுது. அங்கேருந்து பிச்சாவரம். "நேரமாச்சு, மோட்டார் படகு எடுத்துக்கலாம்"னு கொழுந்தனார் முடிவு பண்ணிட்டார். சுரபுன்னை ரெண்டு பக்கமும் கவிஞ்சு கிடக்கிற குறுகலான கால்வாய்க்குள்ள துடுப்புப் படகுதான் போகும். அந்த நிழலைப் பாக்கத்தான் பிச்சாவரமே. நாங்க விரிஞ்ச தண்ணியில வெயில்ல ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்தோம். பாப்பா கேக்குறா, "அம்மா, காட்டுக்குள்ள எப்ப போவோம்?"

ஜூலையில செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிச்சே, மராட்டியர் கோட்டைங்க பன்னெண்டுல தமிழ்நாட்டுக்கு இது ஒண்ணுதான்னு, உடனே இவருக்கு ஊர்ப்பாசம் பொங்கிடுச்சு. ஆகஸ்ட்ல போனோம். ராஜகிரி எண்ணூறு அடி. அடிவாரத்துல இறங்கினப்ப பன்னெண்டேகால், கல்லுப்படி தோசைக்கல்லாட்டம் காயுது. முகலாயப் படை வருஷக்கணக்கா முற்றுகை போட்டு 1698ல பிடிச்ச கோட்டை அது. அவங்ககிட்ட நேரம் இருந்துச்சு. நாங்க கல்யாண மகாலைக் கீழேருந்து பாத்துட்டு, மரத்தடியில புளியோதரை சாப்பிட்டோம். "இங்கேருந்தே நல்லாத் தெரியுதே அண்ணி, மேல ஏறி என்ன பண்ணப்போறோம்?"

எங்களைக் கைவிடாத ஊர் வடலூர் ஒண்ணுதான். தைப்பூசத்துக்குக் காலை ஆறு மணி ஜோதி பாக்கணும்னு கிளம்பினோம். ஆறு மணி போச்சு, பத்து மணியும் போச்சு, ஒரு மணி ஜோதிதான் கிடைச்சுது. ஆறு காலம் ஜோதி வச்சிருக்காங்க. 1867ல தருமசாலையில மூட்டின அடுப்பும் இன்னும் அணையல, சாப்பாடும் கிடைச்சுது. எங்க வீட்டு ஆம்பளைங்களை நூத்தம்பது வருஷம் முன்னாடியே கணிச்சு வச்சவர் வள்ளலார்தான்னு தோணிச்சு.

இத்தனைக்கும் மேல எனக்கு ஆறாதது பாண்டிச்சேரி. இருபது கிலோமீட்டர் சொச்சம். பீச் ரோட்ல காந்தி சிலைகிட்ட உக்காந்து சூரியன் கடல்லேருந்து எழும்புறதைப் பாக்கணும், இது ஒண்ணுதான் நானா வாய் விட்டுக் கேட்டது. சாயந்திரத்துலேருந்து காலை ஏழரை வரைக்கும் அந்த ரோட்ல வண்டி விடமாட்டாங்க, அவ்வளவு அமைதியா இருக்கும். வருஷத்துல மூணு தடவை கிளம்பினோம். மூணு தடவையும் வண்டி விட்டப்புறம், ஹாரன் சத்தத்துக்கு நடுவுலதான் போய் நின்னோம். "சூரியன் எங்கயும் ஓடிடாது அண்ணி, நாளைக்கும் வரும்."

டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை மறுபடியும் "ஆறு மணிக்கு" வந்துச்சு. நான் எதுவும் கிளறல, எதுவும் கட்டல. இருட்டோட எழுந்து, அத்தையையும் பாப்பாவையும் கூட்டிட்டு பஸ் ஏறிட்டேன். சாவியைப் பக்கத்து வீட்லகூடக் குடுக்கல, அவர்தான் உள்ள தூங்கிட்டிருந்தாரே. பீச்சுக்குப் போனப்ப வானம் செம்பருத்திக் கலர்ல இருந்துச்சு. அத்தை புடவையை லேசாத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பாறைகிட்ட போய் நின்னாங்க. பின்னாடிலேருந்து நான் எடுத்த படத்துல அவங்க நிழல் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வரைக்கும் போகுது.

ஏழே முக்காலுக்கு போன் அடிச்சுது.

"எங்கம்மா இருக்கே? தம்பி வந்துட்டேயிருக்கான், நான் காத்து பாத்துட்டு வந்துட்டேன், கிளம்பலாமா?"

"மேல்பட்டாம்பாக்கம் தாண்டிட்டேங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.