அது பொருத்தக் கணக்கு, தர மதிப்பெண் அல்ல

பிறர் எழுதி வெளியிட்ட ஆயத்த நிரல் தொகுப்பை, அதாவது பேக்கேஜை, தேடி எடுத்து நம் மென்பொருளில் சேர்ப்போம் இல்லையா, அந்தத் தேடல் பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருந்த எண்ணை வைத்து எழுந்த கதை இது; நேற்று அதன் ஸ்கிரீன்ஷாட்டைப் பகிர்ந்திருந்தேன். "மேலே 38 இருக்கும்போது 12 வாங்கிய பேக்கேஜை ஏன் எடுத்தாய்?" என்று, வேலைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். இரவெல்லாம் எனக்கு ஆறவில்லை.

அந்த எண் தர மதிப்பெண் அல்ல. நீங்கள் தேடிய சொல், பேக்கேஜின் பெயரிலும் விளக்கத்திலும் எவ்வளவு பொருந்துகிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் 2016 முதல் இயல்பாகப் பயன்படுத்தும் பிஎம்25 என்ற பொருத்தச் சூத்திரம் பார்ப்பவை மூன்று: சொல் எத்தனை முறை வருகிறது, எவ்வளவு அரிதான சொல், விளக்கம் எவ்வளவு நீளம். அதற்கு நூறு என்ற உச்சவரம்பு கிடையாது. ஒரு தேடலில் வந்த எண்ணை இன்னொரு தேடலில் வந்த எண்ணுடன் ஒப்பிடவே கூடாது. நிரலில் பிழை இருக்கிறதா என்று அந்தச் சூத்திரம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

எனக்கே நடந்தது. தொகையை எழுத்தால் எழுதித் தரும் சிறு பேக்கேஜ் ஒன்றை வெளியிட்டு, ஆசையாகக் 'கணக்கன்' என்று பெயர் வைத்தேன். 'ரூபாய்' என்று தேடினால், பெயரிலேயே ரூபாய் இருந்த இன்னொன்றுதான் முதலில் வரும். அதில் 1,00,000 என்று கொடுத்தால் 'நூறு ஆயிரம்' என்று எழுதும். ஒரு லட்சம் என்று எழுதத் தெரியாததுதான் முதலிடத்தில் இருந்தது. இன்றும் வலிக்கிறது.

"ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் கிடங்கான என்பிஎம், தேடலில் தரத்தையும் பராமரிப்பையும் காட்டியதே" என்பீர்கள். காட்டியது, தனித்தனிக் கோடுகளாக. பொருத்தம் வேறு, தரம் வேறு என்பதால்தானே பிரித்துக் காட்டினார்கள்? "பலர் பயன்படுத்துவது நல்லதாகத்தானே இருக்கும்" என்பீர்கள். வாரத்துக்கு லட்சக்கணக்கில் பதிவிறக்கப்பட்ட ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜ் வழியாகத்தான் 2018இல் பிட்காயின் பணப்பையைக் குறிவைத்த திருட்டு நிரல் நுழைந்தது. நிரலைத் திறந்து படிக்க நேரமில்லை என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கும் நேரமில்லை.

அந்தப் பெண் இரண்டு பேக்கேஜ்களின் நிரலையும் திறந்து படித்திருக்கிறாள். கடைசியாக எப்போது திருத்தினார்கள், எந்தப் புகாருக்குப் பதிலே வரவில்லை என்று நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கையோடு கொண்டு போயிருக்கிறாள். ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. தனியே அழைத்துச் சமாதானம் சொல்ல வேண்டாம். அடுத்த கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால், அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள்.