பத்து ஸ்டாப் சனியன்

மூன்றரை மணிக்கு எழுந்து தரங்கம்பாடிக்குப் போனது ஒரே ஒரு படத்துக்காக. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் முன்னால் கல்லில் மோதும் அலை, பஞ்சுப்பொதி மாதிரி கரைந்து தெரிய வேண்டும். கொண்டு வந்தது ஆறு மங்கல் படங்கள்.

அலை கரைய ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும்; அதற்காக லென்ஸ் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடிதான் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர். ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். மாட்டிவிட்டுப் பார்த்தால் திரை முழுக்க எறும்பு மொய்க்கிறது. ஷட்டரை அரை அழுத்து அழுத்தினால் லென்ஸ் முன்னும் பின்னும் முனகித் தேடிவிட்டுக் கையை விரிக்கிறது. “ஃபில்டர் இல்லாம ஃபோகஸ் பண்ணு, மேனுவலுக்கு மாத்து, அப்புறம் மாட்டு” என்று உபதேசம் செய்ய வராதீர்கள். தெரியும் சாமி! அதைத்தான் செய்தேன்.

பழைய கேமராவோடு வந்த கிட் லென்ஸில் ஃபோகஸ் மாறினால் முன்கண்ணாடியும் சேர்ந்து சுழலும். ஃபில்டரைத் திருகத் திருக, பார்த்துப் பார்த்து வைத்த ஃபோகஸும் கூடவே ஓடும். அந்தக் கடுப்பில்தான் கடன் வாங்கிப் புது மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். இதில் ஃபோகஸ் வளையம் வெறும் மின்சார சமிக்ஞைதானாம்; லென்ஸை நகர்த்துவது உள்ளே இருக்கும் மோட்டார். நல்ல அலைக்காகக் காத்திருந்த நேரத்தில் கேமரா பேட்டரியை மிச்சப்படுத்தக் கண்ணயர்ந்தது. எழுந்தபோது ஃபோகஸ் எங்கேயோ போயிருந்தது. கேமரா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பகலாக இருந்தாலாவது உடனே தெரிந்திருக்கும். 1/15 விநாடி எக்ஸ்போஷர் இந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாக 68 விநாடி ஆகிறது. அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பல்பு மோடில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அது முடிந்ததும் படத்தில் விழும் புள்ளிகளை, அதாவது நாய்ஸைக் குறைக்கிறேன் என்று கேமரா இன்னொரு 68 விநாடி எடுத்துக்கொள்ளும். ஒரு தப்பு தெரிய இரண்டேகால் நிமிடம்! அதுவும் அந்தத் தீப்பெட்டித் திரையில் எல்லாம் கூர்மையாகத்தான் தெரிகிறது. கொஞ்சம் கோணம் மாற்றலாம் என்றாலும் ஃபில்டரைக் கழற்று, ஃபோகஸ் செய், திரும்ப மாட்டு. உப்புக்காற்றில் விரல் பிசுபிசுக்க, மரை சிக்கிக்கொள்ள, கிழக்கே சிவப்பு வெளுத்தேவிட்டது.

ஏ கேமராவே, முகத்தைக் கண்டுபிடிக்கிறாய், பறக்கும் கொக்கின் கண்ணைக் கண்டுபிடிக்கிறாய், அசையாமல் நிற்கும் கோயிலை மட்டும் தூங்கி எழுந்தால் மறந்துவிடுகிறாயே! தூங்கினாலும் ஃபோகஸை நினைவில் வைக்கும் கேமராக்கள் வந்துவிட்டன. என்னுடைய மெனுவில் அப்படி ஒரு வரியே இல்லை.

ஆறில் சுமாரான ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். சித்தப்பா மகன் கேட்கிறான்: “அண்ணே, தரங்கம்பாடியில அவ்ளோ பனியா?”