காஸியைத் தாக்கிய ராஜ்புத் வேறு. 2021-இல் ஓய்வுபெற்ற ராஜ்புத் வேறு

“1971-இல் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியைத் தாக்கிய ஐஎன்எஸ் ராஜ்புத்தான் 2021-இல் ஓய்வுபெற்றது” என்று பரவும் தகவல் தவறு.

2021 மே 21 அன்று விசாகப்பட்டினத்தில் விடைபெற்றது டி51 என்ற அடையாள எண் கொண்ட ராஜ்புத். சோவியத் ஒன்றியத்தின் நிக்கோலாயெவில் கட்டப்பட்ட இந்த நாசகாரிக் கப்பல், 1980 மே 4 அன்றுதான் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. போர் நடந்தபோது அது கட்டப்படவே இல்லை.

1971 டிசம்பர் 3-4 நள்ளிரவில் விசாகப்பட்டினம் கடலில் ஆழ்நீர்க் குண்டுகளை வீசியது பழைய ராஜ்புத். 1942-இல் பிரிட்டனின் ‘ரோதர்ஹாம்’ ஆகக் கடலில் இறங்கி, 1949-இல் இந்தியாவிடம் வந்து, 1976-இல் ஓய்வுபெற்ற கப்பல் அது. ஓய்வுபெற்ற கப்பலின் பெயரைப் புதியதற்குச் சூட்டுவது கடற்படை வழக்கம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. காஸி மூழ்கியது அந்தக் குண்டுகளால் என்கிறது இந்தியா. பாகிஸ்தான் அதை ஏற்பதில்லை.

படத்தைப் பார்த்தே பிரித்தறியலாம்: ஏவுகணைக் குழாய்கள் இருந்தால் அது டி51. பழையதில் பீரங்கிகளும் டார்பிடோக்களும் ஆழ்நீர்க் குண்டுகளும்தான் இருந்தன, ஏவுகணைகள் இல்லை.