மூன்று மணி நேரச் சுரண்டல்

எங்கள் புல்வெட்டி இயந்திரத்தின் கையேட்டை எழுதிய பெருமகனை ஒருமுறையாவது நேரில் சந்திக்க விரும்புகிறேன். “ஒவ்வொரு முறை பயன்படுத்திய பின்பும் இயந்திரத்தின் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்யவும்” என்று, சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொல்வதுபோல ஒரே வரியில் எழுதிவிட்டு, அவர் தன் பாட்டில் போய்விட்டார். அந்த ஒரு வரிக்காக நேற்றுச் சனிக்கிழமை எனக்கு மூன்று மணி நேரமும், ஒரு நல்ல சேட்டும், எஞ்சினில் இருந்த எண்ணெயில் கால்வாசியும், அயலவரிடம் மிச்சமிருந்த மரியாதையும் செலவாகியிருக்கின்றன. எங்கள் வளவில் உள்ள புல் முழுவதையும் வெட்டி முடிக்க நாற்பது நிமிடம் போதும் என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்துகொள்கிறேன்.

மே மாதத்து ஒன்ராறியோவில் புல் வெட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஈரப் புல்லை வெட்டாதே என்கிறார்கள். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதே என்கிறார்கள். 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரவிட்டால் ரொறன்ரோவில் அது மாநகர விதிப்படி குற்றம். செவ்வாயும் புதனும் நல்ல வெயில் எறித்தபோது நான் வேலையில் இருந்தேன்; வியாழனும் வெள்ளியும் மழை பெய்தது; சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புல்லின் நுனி காய்ந்திருந்தது, அடி ஊறிக் கிடந்தது. இந்தக் கட்டளைகள் அனைத்தையும் ஒருசேரக் கடைப்பிடிக்க வேண்டுமானால், ஒருவர் வேலை வெட்டி இல்லாதவராகவும் மழையோடு நேரடியாகப் பேசக்கூடியவராகவும் இருக்க வேண்டும்.

பாதி வளவு முடிவதற்குள் எஞ்சின் முனகத் தொடங்கியது. இயந்திரம் போன வழியெல்லாம் எருமை நடந்துபோன பாதைபோல் பச்சைக் கட்டிகள் விழுந்தன. காரணம் எனக்குத் தெரியும். தெரிவதால் கோபம் குறைவதில்லை. புல்லை வெட்டுகிற 21 அங்குல அலகு நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 தடவை சுற்றும்போது அதன் நுனி மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. அலகின் பின்விளிம்பை மேல்நோக்கி வளைத்து வைத்திருப்பதால், அதை மூடியிருக்கும் கூட்டுக்குள் ஒரு சூறாவளி உண்டாகி, படுத்திருக்கும் புல்லை நிமிர்த்திக் கொடுக்கிறது. வெட்டுப்பட்ட புல் மேலே பறந்து, தன் உடம்பில் ஐந்தில் நாலு பங்காக இருக்கும் தண்ணீரோடும் சாற்றோடும் கூட்டின் கூரையில் போய் அறைகிறது; அறைந்தது ஒட்டுகிறது; ஒட்டியதன் மேல் அடுத்தது ஒட்டுகிறது. கூரை இறங்கி வர வர உள்ளே காற்றோடுவதற்கு இடம் குறைகிறது, காற்றுக் குறையக் குறையப் புல் நிமிர்வதில்லை, வெட்டியதும் வெளியேறுவதில்லை. தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டு சாப்பாடு இறங்கவில்லை என்று அழுகிற பிராணியை நான் இயந்திர உலகத்தில் வேறெங்கும் கண்டதில்லை.

எஞ்சினை நிறுத்தினேன். ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி எட்ட வைத்தேன்; கையேடு அதையும் சொல்கிறது, அந்த ஒரு விடயத்தில் அவரோடு எனக்குத் தகராறு இல்லை, விரல்கள் எனக்கு வேண்டும். பிறகு இயந்திரத்தைச் சரித்தேன். காற்று வடிகட்டி மேலே இருக்கும்படி ஒரு பக்கமாகத்தான் சரிக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சரியாக அந்த நேரத்தில் கைப்பேசி அடித்திருக்காவிட்டால் என் கைகளுக்கும் தெரிந்திருக்கும். நான் மறுபக்கம் சரித்துவிட்டேன். அதை உணராமலே பட்டி பார்க்கிற தகட்டை எடுத்துக்கொண்டு, ஈரத் தரையில் குந்தியிருந்து சுரண்டத் தொடங்கினேன்.

அந்த அடிப்பக்கத்தைக் கிட்ட நின்று பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். மேல்படை அன்றைய புல், கடும் பச்சையாக, பிசைந்த கீரைபோல் இருந்தது. அதற்குக் கீழே போன வாரத்துப் படை மஞ்சளித்து, ஓரங்கள் சுருண்டு கிடந்தது. அதற்கும் கீழே, போன செப்ரெம்பரில் “குளிர் காலத்தில் ஆறுதலாகச் சுத்தம் செய்யலாம்” என்று நான் விட்டு வைத்த கறுப்புப் படை, சீமெந்தாகியிருந்தது. அதைத் தட்டியபோது உள்ளங்கை அளவில் ஒரு துண்டு, கூட்டின் வளைவையே அச்சாக எடுத்துக்கொண்டு ஓடுபோல் கழன்று வந்தது. அதன் உட்புறத்தில் இரண்டு மேப்பிள் விதைகளும், விளம்பரத் தாள்களைச் சுற்றி வருகிற இறப்பர் வளையம் ஒன்றும் பதிந்திருந்தன. கழன்ற இடத்தில் வர்ணமும் கூடவே உரிந்து, கீழே துரு சிவந்து தெரிந்தது. ஈரத்தை மாதக்கணக்கில் இரும்போடு சேர்த்து அணைத்து வைத்திருந்தால் வேறென்ன நடக்கும்? மிச்சத்தைச் சுரண்டினால் வர்ணம் போகிறது, சுரண்டாவிட்டால் இரும்பே போகிறது.

ஒட்டாமல் தடுக்க வழியிருக்கிறது என்று எழுதப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சிலிக்கன் தெளித்துப் பார்த்தாயிற்று. இரண்டு வெட்டு நின்றது. காருக்குப் பூசுகிற மெழுகைப் பூசினேன்; அதற்கும் அதே ஆயுள்தான். சமையல் எண்ணெய் தெளித்தால் வழுக்கிக்கொண்டு விழுந்துவிடும் என்று ஒரு புண்ணியவான் சொன்னதைக் கேட்டு, தோசைக்கல்லுக்குத் தடவுவதுபோல் பக்குவமாகத் தடவினேன். புல் உள்ளே தோசையாகவே வார்த்துக்கொண்டது. மின்கல இயந்திரம் வாங்கு என்றான் மைத்துனன். அதைச் சரித்தால் எண்ணெய் ஊற்றாது என்பது உண்மைதான், ஆனால் பெற்றோலில் வெட்டினாலும் மின்சாரத்தில் வெட்டினாலும் புல்லுக்கு ஒட்டத் தெரியும்.

வீட்டில் சம்பல் அரைக்கிற கிரைண்டரைப் பாருங்கள். அதற்குள்ளும் சுழல்கிற அலகுதான், அங்கேயும் ஈரப் பொருள்தான். சாடியைத் திருகிக் கழற்றிக் கழுவும்படி செய்திருக்கிறார்கள். இங்கேயோ கழுவ வேண்டிய ஒரே இடத்தை, கண்ணுக்கும் கைக்கும் எட்டாமல் நிலத்தைப் பார்த்துக் கவிழ்த்து, அதன் தலையில் எண்ணெயும் பெற்றோலும் நிறைந்த எஞ்சினை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பறக்கிற கல் காலில் படாமல் இருக்க அந்தக் கூடு வேண்டும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் இன்று நான் நியாயம் பேச வரவில்லை. 1830 இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில், கம்பளித் துணியின் மயிரைச் சிரைக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து எட்வின் படிங் என்பவர் முதல் புல்வெட்டியைச் செய்தபோது அதற்கு ஓர் உருளைதான் இருந்தது, இப்படி ஒரு கவிழ்த்த சட்டி இருக்கவில்லை. அந்த மனிதரை மட்டும் நான் குறைசொல்ல மாட்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன். சுரண்டி முடித்து இயந்திரத்தை நிமிர்த்தினேன். கூட்டின் மேல் ஒரு சிறு குழாய்வாய் இருக்கிறது. அதில் தண்ணீர்க் குழாயைப் பூட்டி, இயந்திரத்தை இரண்டு நிமிடம் ஓடவிட்டால் உள்ளே தானாகவே கழுவிக்கொள்ளும் என்பது விற்பனையின்போது எனக்குச் சொல்லப்பட்ட கதை. வயரை மாட்டிக் கயிற்றை இழுத்தேன். நாலாவது இழுப்பில் எஞ்சின் உயிர் பெற்றது, உடனேயே தெருவை மறைக்கும் அளவுக்கு வெள்ளைப் புகையைக் கக்கியது. சரித்த நேரத்தில் எண்ணெய் எங்கெல்லாம் போகக்கூடாதோ அங்கெல்லாம் போயிருந்தது. அடுத்த வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தீயணைப்புப் படையை அழைக்கட்டுமா என்று மிக மரியாதையாகக் கேட்டார். வேண்டாம் என்று கையை அசைத்தபடியே மற்றக் கையால் தண்ணீரைத் திறந்தேன்.

அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று இயந்திரத்தைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பச்சைக் குழம்பு கூட்டின் விளிம்புகளுக்குக் கீழால் நாலு திசையும் சீறி, என் காற்சட்டையையும், வெள்ளை நிறக் கராஜ் கதவையும், சென்ற கிழமைதான் கழுவிய காரின் பின்பக்கத்தையும் சமமாகக் கவனித்துக்கொண்டது. நிறுத்திவிட்டு, இந்த முறை சரியான பக்கமாகச் சரித்துப் பார்த்தேன். தண்ணீர் அடித்த இடத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் பளபளத்தது. மூலை முடுக்குகளில் இருந்தவை அப்படியே இருந்தன. இப்போது அவை நன்றாக ஊறியும் இருந்தன.

மறுபடியும் தகட்டை எடுத்துக்கொண்டு குந்தியபோது, அம்மா பின்கதவால் வெளியே வந்தார். புகைக்கு வரவில்லை, எஞ்சின் சத்தத்துக்கு வரவில்லை, மகன் பச்சை நிறத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் எதுவும் கேட்கவில்லை. மூக்கை உயர்த்தி ஒருமுறை இழுத்து, “எங்கட மாட்டுக் கொட்டில் மணக்குது” என்றார். பிறகு உள்ளே போய், விக்ரோறியா நாள் விடுமுறை கழிந்ததும் கத்தரிக் கன்றுகளுக்கும் மிளகாய்க் கன்றுகளுக்கும் வேண்டும் என்று வாளி ஒன்றைக் கொண்டுவந்து, நான் சுரண்டி எறிந்திருந்த ஒவ்வொரு கட்டியையும் தேடித் தேடிப் பொறுக்கினார். அந்தச் செப்ரெம்பர் ஓட்டுத் துண்டையும் இறப்பர் வளையத்தைப் பிடுங்கிவிட்டு உடைத்துப் போட்டார். மூன்று மணி நேரத்து உழைப்பு முக்கால் வாளிக்கு வந்தது.

வெட்டாமல் நின்ற மற்றப் பாதி வளவைப் பார்த்தேன். அம்மாவும் வாளியைப் பார்த்தார், வளவைப் பார்த்தார், இருண்டுகொண்டு வந்த வானத்தையும் பார்த்தார்.

“மிச்சப் பாதியை மழை பெய்து முடிய ஈரத்தோடையே வெட்டு ராசா,” என்றார், “அப்பதான் கனக்க ஒட்டும்.”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர், நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.